நாலரை அடி வெள்ளைக் கல்

அன்புள்ள பொடிசுக்கு,

நான் நலம். தையல் மெஷினும் நலம். இரண்டு பேருமே எண்ணெய் குறைந்து கொஞ்சம் சத்தத்தோடு ஓடிக்கொண்டிருக்கிறோம். நீ வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்குகிறாய் என்று நம்புகிறேன். எழுத்து ஆங்காங்கே இழுசியிருக்கும், பொறுத்துக்கொள். இடது கைக்காரன் எழுதினால் எழுதியதன் மேலேயே கை உரசிக்கொண்டு போகும், உனக்குத் தெரியாததா.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ எப்போதும் அரைக் குரலில்தான் பேசுகிறாய். நீ பார்த்துக்கொள்கிற அந்த வீட்டுப் பெரியவர் தூங்குகிறார் என்கிறாய். நான் சுற்றி வளைத்து விஷயத்துக்கு வருவதற்குள் அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிடுகிறாய். போன வாரம் நான் ஏதோ உளறப்போய், இரண்டு நாள் நீ பேசவே இல்லை. கடிதம் என்றால் உளறியதை அடித்துவிடலாம். மேலே அடித்திருக்கும் இரண்டு வரியை வெளிச்சத்தில் பிடித்துப் படிக்கிற வேலை வேண்டாம்.

விஷயம் இதுதான். உன் போன கடிதத்தில் அந்த வீட்டுக் குளியலறையைப் பற்றி ஒரு முழுப் பக்கம் எழுதியிருந்தாய். என்னைப் பற்றி ஒன்றரை வரி. எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். சுவர் நீளத்துக்கு ஒரே கருங்கல் பலகை, கையை வைத்தால் சில்லென்று இருக்கும் என்று எழுதினாய். காலையில் பெரியவரைச் சக்கர நாற்காலியோடு அங்கே தள்ளிக்கொண்டு போய் முகம் மழித்துவிடுவாயாம். பக்கத்திலேயே அவருடைய மகன் நின்று தலை சீவிக்கொள்வாராம். மூன்று பேரும் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே பேசுவீர்களாம், ஒருத்தர் மேல் ஒருத்தர் இடிக்காமல் நிற்க அவ்வளவு இடமாம். நீ சாதாரணமாகத்தான் எழுதியிருப்பாய். எனக்குப் படிக்கப் படிக்க வயிறு எரிந்தது.

பொறாமைதான். இதில் மூடி மறைக்க என்ன இருக்கிறது. கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் நானும் நீயும் ஒரு கண்ணாடியில் சேர்ந்து முகம் பார்த்ததில்லை. நம் குளியலறை ஐந்தடிக்கு ஏழடி. ஒருத்தர் உள்ளே போனால் இன்னொருத்தர் வெளியே நின்று கதவைத் தட்ட வேண்டும். கை கழுவும் தொட்டி சாப்பாட்டுத் தட்டு அளவுதான், அதிலும் ஒரு விரிசல். சோப்பு வைக்க ஜன்னல் விளிம்பு. கண்ணாடியை நான் என் உயரத்துக்கு மாட்டிவிட்டேன், அதில் உனக்கு நெற்றி மட்டும்தான் தெரியும். நீ எத்தனையோ தரம் சொன்னாய். நாளைக்கு இறக்கி மாட்டுகிறேன் என்று சொல்லியே காலத்தை ஓட்டினேன். அந்த ஆள் பக்கத்தில் நிற்கும்போது உனக்கு முழு முகமும் தெரியுமே என்று நினைத்தேன். அன்று முழுக்க ஒரு சட்டைக்குக் காலர் வைக்க முடியவில்லை.

அதனால் குளியலறையை இடித்துக் கட்டுகிறேன். நம்ம மேஸ்திரிதான் வேலை செய்கிறார், மாடிப்படி கட்டினாரே, அதே பருத்த மனுஷன். நமக்கும் கல் பலகை வரப்போகிறது. இரண்டு பேர் நிற்கிற மாதிரி. உன் அக்கா வந்து பார்த்துவிட்டு, பொண்டாட்டி ஊரில் இல்லாத நேரத்தில் எதுக்கு மாப்பிள்ளை இந்த வேலை என்று கேட்டாள். உங்க தங்கச்சி ஊருக்கு வரத்தான் என்றேன். அவள் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனாள்.

இன்னும் ஒரு வருஷம் இருக்கச் சொல்லிக் கேட்கிறார்கள், அடுத்த மாசக் கடைசி வியாழக்கிழமைக்குள் கையெழுத்துப் போட வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். அந்த ஒன்றரை வரியில் ஒரு வரி அதுதான். இரண்டு வருஷம் போதாதா என்று கேட்கத்தான் போனில் வாயைத் திறந்தேன், வேறு என்னென்னவோ வந்து விழுந்துவிட்டது. வேலை உன்னுடையது, முடிவும் உன்னுடையது. நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் வியாழக்கிழமைக்கு முன்னால் குளியலறை தயாராகிவிடும் என்பதை மட்டும் தெரிவித்துக்கொள்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். பெரியவரைத் தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொள்ளப் போகிறது. அந்த மகனுக்கு இரண்டு கை இருக்கிறதே, அவரைத் தூக்கச் சொல்.

இப்படிக்கு,
உன் டெய்லர்


அன்புள்ள பொடிசுக்கு,

உன் கடிதம் வந்தது. உள்ளே நாலாக மடித்து ஒரு படமும் வந்தது. பிரித்ததும் மெஷினை நிறுத்திவிட்டேன்.

நம் குளியலறையைப் பற்றிப் பேச்சு வந்ததாம். பெரியவரின் மகன் கட்டடங்களுக்குப் படம் போடுகிறவராம். உடனே உட்கார்ந்து நமக்கென்று ஒரு படம் போட்டுக் கொடுத்தாராம். மேஸ்திரியிடம் காட்டுங்க, உபயோகமா இருக்கும் என்று நீ எழுதியிருக்கிறாய். அளவு எல்லாம் அச்சாகச் சரியாக இருக்கிறது. ஐந்தடிக்கு ஏழடி, ஜன்னல் இந்தப் பக்கம், கதவு அந்தப் பக்கம். ஏன் பொடிசு, நம் வீட்டுக் குளியலறை எத்தனை அடி என்று ஊரான் ஒருத்தருக்கு எதற்குத் தெரிய வேண்டும்? மாடி மாடியாகக் கட்டுகிறவருக்கு நம்முடைய சின்னக் குளியலறை மேல் என்ன அவ்வளவு அக்கறை? அடுத்து என்ன, என் சட்டைக்கு அவர் அளவு எடுப்பாரா?

அதற்கு மேல் ஒரு நிமிஷம்கூட நான் அதைப் பார்க்கவில்லை. மேஸ்திரி கையில் கொடுத்து, இதில் இருக்கிற அளவுகளை வாசியுங்கள், எது இருக்கிறதோ அதைச் செய்யாதீர்கள் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

கருங்கல் போடச் சொல்லியிருக்காரு டெய்லரே, கறை பிடிக்காது என்றார். அப்படியென்றால் வெள்ளை என்றேன். பலகை உயரம் முப்பத்தி நாலு அங்குலம் என்றார். முப்பது போதும் என்றேன். சவர சாமான் வைக்க இடது பக்கம் சுவரில் ஒரு மாடம் என்றார். வலது பக்கம் வையுங்கள் என்றேன். கதவுப் பக்க மூலையை வளைத்துவிடச் சொல்லியிருக்கு என்றார். மூலை என்றால் மூலையாக இருக்கட்டும், அதை எதற்கு வளைக்க வேண்டும் என்றேன். எல்லாம் கேட்டுவிட்டு மேஸ்திரி கடைசியில் ஒன்று சொன்னார் பார், படம் போட்டவர் விவரமான ஆளு என்று. அன்றைக்கு அவருக்கு டீ வாங்கித் தரவில்லை.

கல்லுக்கடைக்கு நானே போனேன். நீயும் பார்த்திருக்க வேண்டும். பெரிய பெரிய கற்களைத் துணிக்கடையில் துணி அடுக்குகிற மாதிரி நிற்க வைத்திருக்கிறார்கள். இத்தனை வருஷம் துணியைத் தடவிய விரல், கல்லையும் தடவிப் பார்த்தால் ஓரளவுக்குச் சொல்லிவிடுகிறது. சில கல் வழுவழுவென்று ஏமாற்றுகிறது, சிலது அமைதியாக இருக்கிறது. வெள்ளையில் சாம்பல் நிறக் கோடு ஒன்று நெளிந்து ஓடும் கல்லைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். ஈரக் கூந்தலில் ஒரு முடி முதுகில் ஒட்டிக் கிடக்குமே, அந்த மாதிரிக் கோடு. கடைக்காரர் நல்லவர். வெள்ளைக் கல் வெள்ளைச் சட்டை மாதிரி, எது பட்டாலும் வாங்கிக்கும், பூச்சு அடித்து இரண்டு நாள் காயவிட்டுத்தான் தண்ணி படவிட வேண்டும் என்றார். வெள்ளைச் சட்டையைப் பற்றி எனக்கா சொல்கிறீர்கள் என்று சிரித்தேன்.

படத்தில் பலகை நீளம் மூன்றரை அடியாம். ஒண்டிக்கட்டைக்குப் போட்ட அளவு. நான் கணக்குப் போட்டுத்தான் சொன்னேன். உன் தோள் அளவு என் நோட்டில் இருக்கிறது, பதினாலு. என் தோள் பதினெட்டு. முப்பத்தி இரண்டு. பல் விளக்கும்போது முழங்கை ஆட இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் ஆறு. தையலுக்கு உள்ளே மடிக்க இரண்டும் இரண்டும் நாலு. தாராளமாக இருக்கட்டும் என்று இன்னும் ஆறு. மொத்தம் நாலரை அடி. அகலம் பதினாறு அங்குலம் என்று இருந்ததை இருபத்தி இரண்டு ஆக்கச் சொல்லிவிட்டேன். கல்லுக்கு எதுக்கு டெய்லரே உள்தையல் என்று மேஸ்திரி கேட்டார். எனக்கு முப்பது வருஷப் பழக்கம், உள்ளே விட்டு வெட்டினால்தான் தூக்கம் வரும் என்றேன்.

இன்னும் நீ கையெழுத்து விஷயம் எழுதவில்லை. நான் கேட்கவும் இல்லை.

உன்,
டெய்லர்


அன்புள்ள பொடிசுக்கு,

அவசரமாக எழுதுகிறேன். வேலை முடிந்துவிட்டது. கல் உட்கார்ந்துவிட்டது. தொட்டி புதுசு, குழாய் புதுசு, கண்ணாடியை உன் முகம் முழுசாகத் தெரிகிற மாதிரி இறக்கி மாட்டியிருக்கிறேன். அக்கம்பக்கத்தில் நாலு பேர் வந்து கல்லைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். உன் அக்கா மட்டும், வழுக்காதா என்று கேட்டாள். அவளுக்கு எதையாவது குறை சொல்லாவிட்டால் வயிறு நிறையாது.

உங்கள் படக்காரரிடம் தாராளமாகச் சொல். அவர் படத்தில் ஒரு கோட்டைக்கூட எடுத்துக்கொள்ளாமலே குளியலறை அமோகமாக வந்திருக்கிறது என்று சொல். வேலைக்காகக் கழற்றிப் பால்கனியில் சாத்தி வைத்த கதவை மாட்ட வேண்டியது ஒன்றுதான் பாக்கி. நாளைக்கு மாட்டிவிடுவோம்.

மீசையில் நரை கொஞ்சம் கூடிவிட்டது. நாளைக்குச் சாயம் போட்டுக்கொண்டு, கல் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்து அனுப்புகிறேன். அந்த மனுஷனுக்கு எத்தனை வயசு என்று நீ எழுதவே இல்லையே. சும்மா கேட்கிறேன்.

டெய்லர்


அன்புள்ள பொடிசுக்கு,

போட்டோ ஏன் வரவில்லை என்று போனில் கேட்டாய். வெளிச்சம் சரியில்லை என்றேன். பொய். நடந்ததை எழுதுகிறேன். சிரித்துக்கொள், ஆனால் தனியாகச் சிரி. அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நின்று யாரோடும் சேர்ந்து சிரிக்காதே.

மறுநாள் காலையில் புதுக் கண்ணாடி முன் நின்று மீசைக்குச் சாயம் போட்டேன். பூச்சு காய்வதற்கு இரண்டு நாள் என்று கடைக்காரர் சொன்னது மறந்தே போய்விட்டது. கல்லில் நாலு சொட்டு விழுந்ததைத் துடைத்தேன். துடைத்தால் போகவில்லை. சோப்புப் போட்டேன், தேய்த்தேன், போகவே இல்லை. என் மீசையில் பத்து நாளில் வெளுத்துவிடும் கருப்பு, கல்லில் நிரந்தரமாகக் குடியேறிவிட்டது.

குனிந்து தேய்த்துக்கொண்டே இருந்ததில் முதுகு பிடித்துக்கொண்டது. முப்பது அங்குலம் என்று சொன்னது நான்தானே. நாளெல்லாம் மெஷினில் குனிகிறவன், முகம் கழுவவும் பாதி மடிய வேண்டியிருக்கிறது. சவரக் கத்தியை எடுக்க ஒவ்வொரு தடவையும் கை உடம்பைத் தாண்டி வலது பக்கம் போகிறது. இடது கைக்காரன் தன் வீட்டில் தன் கையாலேயே வலது கைக்காரனுக்குக் குளியலறை கட்டியிருக்கிறான். இதை வெளியில் சொன்னால் கடைக்கு ஒரு ஆள் துணி கொண்டு வருவானா?

அப்புறம் மேஸ்திரி வந்து கதவை மாட்டினார். உள்ளே தள்ளினோம். பாதி தூரம் போய் டங் என்று நின்றது. கதவு கல்லின் மூலையில் இடிக்கிறது. அந்த வளைக்காத மூலையில்தான். நான் பக்கவாட்டில் வயிற்றை எக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். மேஸ்திரி முயற்சி செய்து பார்த்து நடுவில் மாட்டிக்கொண்டார். அவரை வெளியே இழுப்பதற்குக் கதவை மறுபடி கழற்ற வேண்டியதாகிவிட்டது. துணியாக இருந்தால் ஓரத்தைப் பிடித்துத் தைத்துவிடலாம். கல்லை எங்கே பிடிப்பது?

மேஸ்திரிக்குக் கோபம். தூசியைத் தட்டிக்கொண்டு சட்டைப் பையிலிருந்து அந்தப் படத்தை எடுத்தார். இத்தனை நாளும் அவர்தான் வைத்திருந்திருக்கிறார். டெய்லரே, ஒரு விஷயம் கேட்கிறேன், இந்தப் படம் போட்டவருக்கு உங்களை எப்படித் தெரியும் என்றார். எனக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம், ஒரு தரம்கூடப் பார்த்ததில்லை என்றேன். பார்க்காமலா இதெல்லாம் எழுதியிருக்காரு என்று ஓரத்தில் இருந்த பொடி எழுத்தைக் காட்டினார். அளவுகளை மட்டும்தான் நீங்க என்னை வாசிக்கச் சொன்னீங்க, மத்ததை வாசிச்சா அதையும் மாத்தச் சொல்லுவீங்களோன்னு பயந்து வாசிக்கல என்றார்.

கடையில் போடும் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். மாடத்துக்குப் பக்கத்தில், இடது கைப் பழக்கம் என்று இருக்கிறது. உயரத்துக்குப் பக்கத்தில், தையல் தொழில், முதுகு வலி, குனியக் கூடாது. தொட்டியின் ஓட்டையில் சின்ன வலை ஒன்று வரைந்து, குண்டூசி விழாமலிருக்க என்று எழுதியிருக்கிறது. கல் விஷயத்தில், கருங்கல், மீசைச் சாயம் என்று இருக்கிறது. அதைப் படித்ததும் மேஸ்திரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

பொடிசு, நான் அங்கேயே தண்ணீர் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். அந்த நீளக் கல்லுக்கு முன்னால் நின்று நீங்கள் என்ன பேசிக்கொள்வீர்கள் என்று இத்தனை நாள் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டேனே. என் முதுகையும் மீசையையும் பற்றித்தான் பேசியிருக்கிறாய். சட்டையில் குத்திக்கொண்ட குண்டூசி முகம் கழுவும்போது தொட்டிக்குள் விழுந்து, நான் கம்பியை விட்டு நோண்டிக்கொண்டிருப்பேனே, அதைக்கூடச் சொல்லியிருக்கிறாய். ஒன்றரை வரிதான் எழுதினாய் என்று எண்ணிப் பார்த்தவனைச் செருப்பால் அடிக்கலாம்.

அதற்காகப் பொறாமை போய்விட்டது என்று நினைக்காதே. அதெல்லாம் போகவில்லை. என்னைப் பற்றியே பேசினாலும் கேட்டுக்கொண்டு நின்றது அவர்தானே. காலையில் உன் பக்கத்தில் நிற்பதும் அவர்தானே. படத்துக்கு நன்றி சொன்னேன் என்று அவரிடம் சொல்லிவிடு. சொல்லும்போது சிரிக்க வேண்டாம்.

கல்லை வெட்டிவிட்டோம். அரைநாள் வெட்டு, வீடு முழுக்க மாவு கொட்டின மாதிரி தூசி. மெஷினுக்குள்ளும் போய்விட்டது. நீளம் மூன்றரை அடி, அகலம் பதினாறு, உயரம் முப்பத்தி நாலு, மூலை வளைவு, மாடம் இடது பக்கம், ஓட்டைக்கு வலை. கல்லின் நிறம் ஒன்றைத் தவிர, படத்தில் இருக்கிறபடி ஒரு நூல்கூடப் பிசகவில்லை. சாயக் கறை மட்டும் அப்படியே இருக்கிறது. அது என் பக்கத்தில்தான், உன் கண்ணுக்கு முன்னால் வராது.

மூன்றரை அடியில் இரண்டு பேர் நிற்க முடியுமா என்று கேட்டேன். தொட்டியை ஓரமாகத் தள்ளித்தான் வரைஞ்சிருக்காரு, ஒருத்தர் முகம் கழுவினா ஒருத்தர் தலை சீவலாம் என்றார் மேஸ்திரி. நானும் அவரும் சேர்ந்து நின்று பார்த்தோம். அவரையே வைத்து நிற்க முடிகிறது என்றால் நீ எம்மாத்திரம்.

படத்தில் இன்னொன்று இருக்கிறது. அதை எழுதத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வருகிறேன். பலகைக்கு அடியில் சின்னதாக ஒரு சதுரம் வரைந்திருந்தது. ஏதோ குப்பைக்கூடை என்று நினைத்தேன். மேஸ்திரிதான் வாசித்தார். பலகை உயரமாக இருப்பதால் மனைவி ஏறி நிற்க ஒரு மணை, உயரம் ஆறு அங்குலம் என்று எழுதியிருக்கிறது.

அதை நீதான் கேட்டிருக்க வேண்டும். என் முதுகுக்காகப் பலகையை உயர்த்தச் சொல்லிவிட்டு, உனக்கு எட்டாதே என்று ஒரு மணையும் போடச் சொல்லியிருக்கிறாய். திரும்பி வருகிற எண்ணம் இல்லாதவளுக்கு மணை எதற்கு என்று நான் என்னையே கேட்டுக்கொண்டேன். பதிலை நான் சொல்லிக்கொள்ளவில்லை. அது உன் வாயால் வர வேண்டும்.

வெட்டியதில் நீளப் பக்கமிருந்து ஒரு அடித் துண்டு மிஞ்சியது. அந்தச் சாம்பல் கோட்டின் நுனி அதில்தான் இருக்கிறது. அடியில் மரச்சட்டம் வைத்து அதையே மணையாக்கியிருக்கிறோம். சொரசொரப்பான பக்கம் மேலே, கால் வழுக்காது. கோடு அடிப்பக்கம் போய்விட்டது, ஆனால் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். உன் அக்கா வந்ததும் ஏறிப் பார்க்கக் காலைத் தூக்கினாள். அது உங்க தங்கச்சி ஏறுகிற இடம் என்றேன். இந்தத் தடவை உதட்டைப் பிதுக்கவில்லை.

கதவை இன்னும் மாட்டவில்லை. மிச்சத் துணியில் ஒரு திரை தைத்துத் தொங்கவிட்டிருக்கிறேன். வீட்டில் இருப்பது நான் ஒருத்தன், யாருக்காகக் கதவைச் சாத்துவது?

வியாழக்கிழமைக்குள் இது உன் கைக்கு வந்துவிடும் என்று தபால்காரர் சொன்னார். ஒரு வருஷம் இருந்துவிட்டு வருகிறேன் என்றால் இரு. பெரியவர் உன் கையால்தான் முகம் மழித்துக்கொள்கிறார் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை, நான் மனுஷன்தான். நீ எங்கே நின்றாலும் உன் கால் வழுக்காமல் இருக்க வேண்டும், அது போதும் எனக்கு. ஆனால் பேனாவை எடுக்கும் முன்னால் ஒரே ஒரு தரம் யோசி. மணையைத் தினமும் துடைத்து வைக்கிறேன். காலையில் பல் விளக்கும்போது நான் இடது பக்கமாக ஒதுங்கி நிற்கப் பழகிக்கொண்டேன். கண்ணாடியில் பாதி இடம் காலியாகவே இருக்கிறது, பொடிசு.

உன்னோடு ஒரே கண்ணாடியில் முகம் பார்க்கக் காத்திருக்கும்,
உன் டெய்லர்